இரவை அளக்கும் அவரை

ஆடி மாதத்தில் வெண்டையையும் பந்தல் அவரையையும் ஒரே நாளில் ஊன்றிப் பாருங்கள். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். அவரையோ பந்தலேறிப் படர்ந்துகொண்டே இருக்கும். ஆவணி போகும், புரட்டாசி போகும், பந்தல் முழுக்க இலைதான். உரம் போதவில்லையோ என்று தொழுவுரம் வைப்பார்கள், கடலைப் பிண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். இலைதான் இன்னும் அகலமாகும். பிறகு ஐப்பசியில், யாரும் எதுவும் செய்யாமலே, கொடியெங்கும் பூங்கொத்துகள் நீளும். மார்கழியில் பறித்து மாளாது. அண்டை வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் முறத்தில் கொடுத்தனுப்பும் காலம் அது.

அதே விதையைச் சித்திரையில் ஊன்றியிருந்தால்? ஆறு மாதம் இலை மட்டும் பார்த்துவிட்டு, கடைசியில் அதே ஐப்பசியில்தான் பூ பார்ப்பீர்கள். மூன்று மாதம் முந்தி விதைத்ததற்கு மூன்று மாதத் தண்ணீர்ச் செலவுதான் மிச்சம். செடியின் வயதுக்கும் பூக்கும் நாளுக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. ஆடிப்பட்டத்தின் பெருமையை மழைக் கணக்கால் மட்டுமே விளக்குவது வழக்கம். மழைக்கணக்கு உண்மைதான், தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது, அதற்குள் வேர் பிடித்துக்கொண்ட செடிதான் பிழைக்கும். ஆனால் அவரையைப் பொறுத்தவரை கணக்கு வேறு. அது பார்ப்பது இருட்டை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஆராய்ந்தது அவரைக் கொடியை அன்று. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. கார்னர், எச். ஏ. அல்லார்டு இருவருக்கும் ஒரு புகையிலைச் செடி தலைவலியாக இருந்தது. மேரிலாண்ட் மாமத் என்ற அந்த ரகம் கோடையில் மூன்று மீட்டருக்கு மேல் வளரும், பூக்காது. பூக்காத செடியிலிருந்து விதை எடுக்க முடியாது. பிலக்ஸி என்ற சோயா ரகமும் அவர்களைக் குழப்பியது. வசந்தத்தில் தொடங்கி வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தாலும், முந்தி விதைத்ததும் பிந்தி விதைத்ததும் செப்டம்பரில் சொல்லிவைத்தாற்போலப் பூத்தன. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மிஞ்சியது பகலின் நீளம். 1918 கோடையில், வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் பண்ணையில் நாய்க்கூண்டு போன்ற ஒரு சிறு இருட்டுக் கொட்டகை கட்டினார்கள். மாலை 4 மணிக்குத் தொட்டிகளை உள்ளே தள்ளி, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். வெளியே நின்ற செடிகள் இலை விட்டுக்கொண்டிருக்க, கொட்டகைக்குள் போய்வந்தவை பூத்துவிட்டன. முடிவுகள் 1920-ல் வெளியாயின. அந்தப் பண்ணை நிலத்தின் ஒரு பகுதியில் இன்று நிற்பது பென்டகன். தாவரங்கள் பகலிரவின் நீளத்தை அறிகின்றன என்று தெளிவான இடம் ராணுவத் தலைமையகமாகிவிட்டது.

அடுத்த திருப்பம் 1938-ல், சிகாகோவில். கார்ல் ஹாம்னர், ஜேம்ஸ் பானர் இருவரும் எடுத்துக்கொண்டது நம்மூர்த் தரிசுகளிலும் கிடக்கிற மருளூமத்தையை. முள் நிறைந்த அதன் காய் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். பகலின் நடுவே சற்று நேரம் இருட்டடித்தால் அந்தச் செடி கண்டுகொள்ளவில்லை. நள்ளிரவில் ஒரு நிமிடம் விளக்கைப் போட்டால் பூப்பதை நிறுத்திக்கொண்டது. ஆக, செடி அளப்பது பகலை அன்று, இடையூறில்லாத இரவின் நீளத்தை. ஒளியையும் இருட்டையும் உணரும் கருவி இலையிலுள்ள ஒரு நிறமி. சிவப்பொளி பட்டால் ஒரு வடிவம், தூரச் சிவப்பொளி பட்டாலோ இருட்டில் கிடந்தாலோ இன்னொரு வடிவம் என்று அது மாறி மாறி நிற்கும். பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் 1959-ல் அதை இனம் கண்டார்கள். பைட்டோகுரோம் என்று பெயர். தெருவிளக்கை ஒட்டிய வயல்களில் சோயா மட்டும் பச்சையாகவே நிற்பதன் காரணமும் இதுதான். மாடித்தோட்டத்தில் அவரை பூக்காமல் அடம்பிடித்தால் உரத்தைக் குறை சொல்லும் முன், இரவு முழுக்க அதன்மேல் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

அமெரிக்கக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளத்தில் பல மணி நேர வேறுபாடு உண்டு. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். கன்னியாகுமரியில் ஒரு மணிக்கும் குறைவு. நமக்கு உறைக்கவே உறைக்காத இந்த வித்தியாசத்தை அவரை பிடித்துவிடுகிறது. இந்தச் செடிகளைப் பார்த்தால், நமக்குப் பருவங்கள் இல்லை, வெயில் உண்டு, அதிக வெயில் உண்டு என்ற பழைய கேலி அவ்வளவாக எடுபடாது.

இப்போது தைப்பொங்கல் அடுப்பங்கரைக்குப் போவோம். பச்சை மொச்சை, அவரை, பச்சைத் துவரை, சர்க்கரைவள்ளி, வெற்றிலைவள்ளி, சேனை, திருநெல்வேலிப் பக்கம் போனால் சிறுகிழங்கு, பனங்கிழங்கு. இதற்குச் சில வாரம் முந்தி வரும் திருவாதிரைக் களியோடு வைக்கும் ஏழுகறிக் கூட்டிலும் இந்தக் கூட்டம்தான். இந்தப் பட்டியலைத் தாவரவியலாளர் ஒருவர் படித்தால் ஒன்றைக் கவனிப்பார். மொச்சையும் அவரையும் ஒரே இனத்தின் இரண்டு முகங்கள், இரண்டும் இரவு நீண்டால் பூப்பவை. நாட்டுத் துவரையும் அப்படியே. வெற்றிலைவள்ளியும் சிறுகிழங்கும் பகல் குறுகும்போது கிழங்கு பருப்பவை. அதாவது, புரட்டாசிக்குப் பின் பகலைவிட நீளும் இரவுகள் காயாகவும் கிழங்காகவும் திரண்டு வந்து சேரும் இடம் பொங்கல் குழம்புச் சட்டி. எல்லாவற்றையும் இந்தச் சட்டத்துக்குள் அடைக்க நான் முயலமாட்டேன். அதே குழம்பில் விழும் பூசணிக்கும் வாழைக்காய்க்கும் இரவின் கணக்கு தேவையில்லை. சேனை எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடந்து இலை சாய்ந்த பிறகு தோண்டப்படுவது. பனங்கிழங்கோ முளைவிடும் பனங்கொட்டையின் வேலை. ஆனாலும் அந்தச் சட்டியில் ஏறக்குறைய பாதி இரவின் விளைச்சல்தான்.

இந்தக் கட்டுப்பாட்டை உடைக்கவும் செய்தார்கள். இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பந்தல் வேண்டாம், இடுப்பளவுதான் வளரும், எந்த மாதமும் காய்க்கும். கடையில் ஆண்டு முழுக்க அவரை கிடைப்பது இதனால்தான். வயலுக்கு அது வரம். வீட்டுத் தோட்டத்துக்கு என்று கேட்டால், இடமிருப்பவர்களுக்குப் பந்தல் அவரையையே சொல்வேன். ஒரே கொடி மூன்று மாதம் விடாமல் கொடுக்கும், கோடையில் வெட்டிவிட்ட இடத்தில் வேறு கொடி ஏற்றலாம். பந்தல் காலியாகக் கிடக்காது.

பொங்கல் கிழங்குகளில் சர்க்கரைவள்ளி சமையலறையில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. அதன் இனிப்பில் பெரும் பங்கு அடுப்பில்தான் உண்டாகிறது. கிழங்குக்குள் மாவும் இருக்கிறது, மாவை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்கும் நொதியும் இருக்கிறது. ஆனால் மாவுமணிகள் இறுகிக் கிடக்கும்வரை நொதியால் அவற்றை உடைக்க முடியாது. வெப்பம் 65 டிகிரியைத் தொடும்போது மாவு கொழகொழத்து நெகிழும். 80 டிகிரியைத் தாண்டினால் நொதியே செத்துவிடும். இடைப்பட்ட அந்த நேரம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கரில் போட்டு விசில் விட்டால் அந்தக் கட்டத்தை நொடியில் தாண்டிவிடுவீர்கள். சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்கு ஏன் அப்படித் தித்தித்தது என்பதற்கு வேறு ரகசியம் இல்லை. கேஸ் அடுப்பு வீடுகளில் இட்லிப் பானையில் குறைந்த தணலில் வேகவைப்பது அதற்குக் கொஞ்சம் கிட்டே வரும்.

தை முடிந்து பகல் நீண்டுகொண்டே போகும்போது தோட்டத்தின் முகம் மாறுகிறது. இது கொடிக்காய்களின் காலம்: சுரை, பீர்க்கு, புடலை, பாகல், வெள்ளரி, பரங்கி. புதிதாகத் தோட்டம் போட்டவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரே புகாரோடு வருவார்கள். கொடி நிறையப் பூ, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. பூவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் குட்டிக் காய் போல ஒரு புடைப்பு இருந்தால் அது பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண் பூ. இந்தக் குடும்பத்தில் ஆண் பூக்கள் முந்திக்கொள்ளும். நீண்ட பகலும் கடும் வெப்பமும் ஆண் பூக்களைக் கூட்டும், குறுகிய பகலும் இதமான இரவும் பெண் பூக்களைக் கூட்டும். காயைச் சுமப்பது செலவு பிடித்த காரியம். நெருக்கடியில் இருக்கும் கொடி மகரந்தத்தோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறது. சித்திரை வெயிலில் ஆண் பூவாகவே பூப்பது செடியின் நோயன்று. தண்ணீரைச் சீராக விட்டு, வேரடியில் சருகு போட்டு மூடுங்கள், போதும்.

ஆண் பூக்களை வீணென்று நினைக்கவும் வேண்டாம். மார்கழிக் கோலத்தின் சாணப் பிள்ளையாரின் தலையில் இருக்கும் பரங்கிப்பூ பெரும்பாலும் ஆண் பூவாகத்தான் இருக்கும். பெண் பூவைப் பறித்தால் ஒரு காய் போயிற்று என்று கொடி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மகரந்தச் சேர்க்கைக்குச் சில ஆண் பூக்களை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம். பரங்கி விடியலில் மலர்ந்து உச்சிவெயிலுக்குள் சுருண்டுவிடும், தேனீ அதற்குள் வந்தாக வேண்டும். சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் மாலையில் மலர்பவை. சுரைக்கும் புடலைக்கும் பூ வெள்ளை. இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்கு அதுதான் கண்ணில் படும். நான்காவது மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அந்துப்பூச்சி அவ்வளவாக வராது. அங்கே நாமே அந்துப்பூச்சியாக வேண்டியதுதான்: மாலை விளக்கு வைத்தபின் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பரங்கிக்கு இதையே காலை ஏழு மணிக்குள் செய்ய வேண்டும். நேரம் மாறினால் பூ மூடியிருக்கும்.

கோடையில் தக்காளி வேறொரு பாடம் நடத்தும். இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது, பூ உதிர்ந்துவிடும். பகல் 32 டிகிரியைத் தாண்டினால் பழத்துக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் உருவாவது தடைப்படும். மஞ்சள் தரும் கரோட்டின் மட்டும் தொடர்ந்து உருவாகும். வைகாசித் தக்காளி முழுக்கப் பழுத்தும் ஆரஞ்சு நிறத்திலேயே நிற்பது அதனால்தான். தை, மாசியில் கிலோ கணக்கில் கொட்டிக் கிடந்த தக்காளி ஆனி, ஆடியில் விலையேறுவதில் வெப்பத்துக்கும் பங்குண்டு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் ஏன் எல்லாக் குழம்புக்கும் தக்காளி என்று நாம் அடம்பிடிக்க வேண்டும்? புளியை மாசி, பங்குனியில் உலுக்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுச் சாடியில் அடைத்தால் அடுத்த புளி வரும்வரை அசையாது. அதன் புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலம் எளிதில் சிதையாது. தக்காளி இல்லாத மாதத்தில் புளிக்குழம்பும் மோர்க்குழம்பும் வைப்பது சிக்கனம் மட்டுமன்று, சுவைக்கும் அதுதான் நல்லது. வெளிறிய கோடைத் தக்காளியால் குழம்பு நீர்த்துப்போவதைத் தவிர வேறு பலனில்லை.

வெயில் ஏற ஏறத் தளதளக்கும் ஒன்று உண்டு: தண்டங்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை என்ற அமராந்தக் கூட்டம். பெரும்பாலான செடிகளில் காற்றின் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி, வெப்பம் ஏறும்போது தவறிப்போய் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யவே செடியின் சேமிப்பு கரையும். அமராந்தம் இந்த இழப்பைத் தவிர்க்கத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. இலையின் வெளிச்செல்களில் கரியமில வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றிய உட்செல்களுக்குக் கடத்தி, அங்கே செறிவாகக் கொட்டுகிறது. அந்த நெரிசலில் நொதிக்கு ஆக்சிஜன் கையில் அகப்படாது. கரும்பை வைத்து இந்த வழியை 1966-ல் விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் வேலை பார்த்த மார்ஷல் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக். கரும்புக்கும் சோளத்துக்கும் கீரைக்கும் இதில் ஒரே உத்தி. முளைக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால் மூன்றரை வாரத்தில் பிடுங்கலாம். கத்தரி வெயிலில் நிழல்வலைக்குக் கீழே பாலக்கைக் காப்பாற்றப் போராடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

கீரையை மூடாமல் வேகவைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. இலை வெந்து செல்கள் உடையும்போது வெளியேறும் அமிலங்கள் அதைப் பெயர்த்துவிட்டால் பச்சை மங்கி ஆலிவ் நிறமாகும். அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மூடியிருந்தால் திரும்பச் சொட்டும். ஆகவே திறந்த சட்டி, கொதிக்கும் தண்ணீர், குறைந்த நேரம். சோடா உப்பு போட்டால் பளிச்சென்று பச்சையாகத்தான் இருக்கும். கீரையின் தயாமினும் வைட்டமின் சி-யும் அந்தப் பளபளப்புக்கு விலை. புளிச்சகீரை எப்படிச் சமைத்தாலும் நிறம் மாறும், அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

தோட்டத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பறித்த காய் செத்த பொருள் அன்று. காம்பு அறுந்த பிறகும் மூச்சு விடுகிறது, தன் சர்க்கரையை எரிக்கிறது, தண்ணீரை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். உருளையும் வெங்காயமும் உறங்குவதற்கென்றே அமைந்தவை, நிதானமாக மூச்சு விடும். வெண்டை, பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், கீரை ஆகியவை வளர்ந்துகொண்டிருந்த பாதியில் வெட்டுப்பட்டவை. இனிப்புச் சோளக்கதிரை 30 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி மாவாகவும் மூச்சாகவும் போய்விடும். தோட்டத்துக் காய்க்கு மண்ணின் மகிமை, இயற்கை உரத்தின் மகிமை என்று சொல்லப்படும் சுவையில் கணிசமான பங்கு நேரத்தின் மகிமைதான். பறித்து ஒரு மணி நேரத்தில் தாளிப்பது எந்தக் கடையாலும் முடியாத காரியம்.

வெண்டையில் இது கண்ணெதிரே தெரியும். பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். நுனியை ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் நார் ஏறிவிட்டது, அதை எந்தச் சாம்பாராலும் காப்பாற்ற முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கச் சொல்வதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. முற்றவிட்ட காயில் விதை திரளத் தொடங்கினால் செடியின் சத்தெல்லாம் அங்கே போகும், மேலே புதுப் பூ குறையும். விதைக்கென்று விடும் காயைப் பருவத்தின் கடைசியில் விடுங்கள். வெண்டையின் வழவழப்பு ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. தண்ணீர் பட்டால் உப்பிப் பரவும். நறுக்கிய பிறகு கழுவுவதுதான் பலர் செய்யும் தவறு. கழுவி, துடைத்து, உலர்ந்தபின் நறுக்கி, அகன்ற வாணலியில் நெருக்காமல் வதக்கினால் வழவழப்பில் நீர் வற்றி அடங்கும். புளியோ தயிரோ சேர்த்தாலும் குறையும், அமிலத்தில் அந்தச் சங்கிலி அவ்வளவு கெட்டியாக நிற்பதில்லை. புளிக்குழம்பிலும் மோர்க்குழம்பிலும் வெண்டை சேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

மூச்சின் வேகத்தைக் குறைக்கத்தானே ஃபிரிட்ஜ் என்று கேட்கலாம். கேரட்டுக்கும் முட்டைக்கோஸுக்கும் சரி, அவை குளிர்நாட்டுப் பிள்ளைகள். வெண்டை, கத்தரி, வெள்ளரி, தக்காளி, சர்க்கரைவள்ளி எல்லாம் வெப்பநாட்டுச் செடிகள். 10, 12 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் செல் சவ்வுகளிலுள்ள கொழுப்பு விறைத்துக் கசியத் தொடங்கும். ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரி. கத்தரித் தோலில் குழி விழுவதும், உள்ளே விதை கறுப்பதும், வெள்ளரி நீர்கோத்துக் குழைவதும், எவ்வளவு வேகவைத்தாலும் சர்க்கரைவள்ளியின் நடுவில் கல் போல ஒரு கட்டி நிற்பதும் குளிரடித்த காயங்கள். தக்காளி அங்கே மணத்தை இழக்கும். ஈரத் துணி போர்த்திய கூடை, மண்பானைக்குப் பக்கத்து நிழல், இவற்றில் இந்தக் காய்கள் ஓரிரு நாள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டிய அவசியம் தோட்டம் வைத்தவருக்கு வருவதேன்? வேண்டும்போது பறிக்கலாம், செடியைவிட நல்ல கிடங்கு இல்லை.

அவசியம் வரும். காய் வரத்து சீராக இருக்காது என்பதுதான் வீட்டுத் தோட்டத்தின் உண்மையான சிக்கல். ஒரு பீர்க்கங்கொடி பத்து நாள் ஒன்றும் தராது, பிறகு ஒரே வாரத்தில் எட்டுக் காய் தொங்கும். நம் சமையல் இதற்குப் பழகியது. பீர்க்கம் பிஞ்சைப் பொரியல், சற்றுத் திரண்டதைப் பாசிப்பருப்புக் கூட்டு, சீவிய தோலை எள்ளும் மிளகாயும் வறுத்துத் துவையல்; கண்ணில் படாமல் முற்றிப்போனதைக் கொடியிலேயே காயவிட்டால் முதுகு தேய்க்கும் நார். அவரை இளசாக இருந்தால் பொரியல், முற்றினால் உரித்த கொட்டைக்குக் குழம்பு. வெள்ளரி பிஞ்சில் பச்சடி, காயில் கூட்டு, பழுத்து வெடித்தால் நாட்டுச்சர்க்கரை தூவித் தின்னும் வெள்ளரிப்பழம். ஒரே கொடிதான். அதன் வயதுக்கேற்ப அடுப்பில் வேலை மாறுகிறது. சந்தைக்கு வரும் காய் எல்லாம் ஒரே வயதில் நிறுத்தப்பட்டவை. சமையல் குறிப்புப் புத்தகங்கள் அந்த ஒரே வயதுக்காக எழுதப்படுவதால், தோட்டக்காரருக்கு அவை பாதிதான் உதவும்.

கொடிக்காய்களில் ஓர் எச்சரிக்கை மட்டும் கட்டாயம். சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றின் காட்டு மூதாதைகள் குக்குர்பிட்டேசின் என்ற கடும் கசப்பு நஞ்சைக் காயில் சேர்த்துவைப்பவை. வளர்ப்பு ரகங்களில் அது வடிகட்டப்பட்டுவிட்டது. ஆனால் நாமே விதை எடுத்து ஊன்றும்போது, வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறையில் கசப்பு திரும்பிவிடும். தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே வல்லுநர் குழு அமைத்து, கசக்கும் சாற்றைத் தொடவே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. நறுக்கும் முன் சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு, கொடியும்தான். உப்பு, வெல்லம், புளி என்று சமாளிக்கும் பாகற்காய் வித்தை இங்கே உதவாது; பாகலின் கசப்பு வேறு சேர்மங்களால் வருவது.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவிந்தபடி இருக்கும். முருங்கைப் பூ மழையில் உதிரும், கொடிகள் அழுகும், கீரைப் பாத்தியில் தண்ணீர் நிற்கும். அவரை இன்னும் பூவில்தான் இருக்கும். அந்தப் பசி மாதங்களுக்கான காயைச் சித்திரை, வைகாசி வெயிலிலேயே சமைத்து வைக்கத் தொடங்குவார்கள். கத்தரி, கொத்தவரை, சுண்டை, மணத்தக்காளி, மிளகாய், மாங்காய் எல்லாம் மொட்டைமாடியில் பாயேறும்.

வற்றல் போடுவதில் ஈரத்தைக் குறைப்பது மட்டும் நடக்கவில்லை. நுண்ணுயிருக்கு முக்கியம் காயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதன்று, அதில் எவ்வளவு தண்ணீர் கட்டுண்டு போகாமல் தன் கைக்கு எட்டுகிறது என்பதே. ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஸ்காட் 1950-களில் இதை அளவுகோலாக்கினார். சுத்தத் தண்ணீர் 1 என்றால் பச்சைக் காய்கறி 0.98-ஐ ஒட்டி நிற்கும். 0.9-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளராது, 0.7 அளவில் பூஞ்சைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும், 0.6-க்குக் கீழே எதுவும் வளராது. உப்பு தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போடுவதால், காய் பாதி காய்ந்திருக்கும்போதே இந்த எண் இறங்கத் தொடங்குகிறது. முதல் நாள் ஈரத்தோடு இரவைக் கழிக்கும் காய் கெடாமல் தப்புவது உப்பால்தான். புளித்த தயிரில் ஊறும் சுண்டைக்கும் மோர்மிளகாய்க்கும் லாக்டிக் அமிலம் இரண்டாவது காவல். சுண்டையைத் தட்டியும் மிளகாயைக் கீறியும் போடச் சொல்வது, மெழுகு பூசிய தோலைத் தாண்டி உப்பும் மோரும் உள்ளே போக வழி செய்யத்தான். கொத்தவரையையும் கத்தரியையும் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு எடுத்துக் காயவைப்பதற்குக் காரணம் வேறு: காயின் சொந்த நொதிகள். அவை உயிரோடிருந்தால் காயும்போதே கறுக்கும், மாதங்கள் போகப் போகக் காறல் வாடை வரும்.

நன்றாகக் காய்ந்த கொத்தவரை வற்றல் வளைந்து கொடுக்காது, ஒடியும். சாடியில் போடும் முன் வெயில் சூடு முழுக்க ஆற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் காற்றே ஈரம் என்பதால், ஆவணியில் ஒரு நாள் திரும்ப எடுத்து வெயில் காட்டுவது நல்லது. மழைக்காலத்தில் சாடியைத் திறக்கும்போது வற்றல் வெறுமனே நமுத்திருந்தால் வாணலியில் எண்ணெயில்லாமல் இளஞ்சூட்டில் புரட்டினால் போதும். சாம்பலாகவோ பச்சையாகவோ பூஞ்சை படிந்திருந்தால், துடைத்துவிட்டு வறுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். சில பூஞ்சைகள் விட்டுச்செல்லும் அஃப்ளடாக்ஸின் பொரிக்கும் எண்ணெயின் சூட்டையும் தாங்கும். சாடியோடு கொட்டிவிட்டு, அன்றைக்கு அப்பளக் குழம்பு வைத்துக்கொள்ளலாம்.